பச்சைக் கோட்டுக்கு அடியில் ஓடும் சாக்கடை: சைப்ரஸ் பயணக் குறிப்புகள்

நாள் 1, நவம்பர் 23, 2024, சனி. லார்னகா

விமானம் தாழ இறங்கும்போது ஜன்னலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பள்ளிவாசல். பெரிய உப்பு ஏரி, அதன் கரையில் பேரீச்ச மரக் கூட்டம், மரங்களுக்கு நடுவே ஒரு கும்மட்டமும் ஒற்றை மினாரும். மக்களில் பெரும்பாலோர் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களாக உள்ள பகுதியில் நம்மை வரவேற்பது ஹாலா சுல்தான் தெக்கே என்ற அந்தப் பள்ளிவாசல்.

அக்கா மகன் லிமசோலில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறான். "ரிட்டயர் ஆகி சும்மாதானுங்க மாமா இருக்கீங்க, ஒரு பத்து நாள் வந்துட்டுப் போங்க" என்று ஒரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்காரம்மாவுக்கு விமானம் என்றாலே தலைசுற்றல், அதனால் தனியாகத்தான் வந்தேன். ஈரோட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் தூளைச் சுங்கத்தில் பிரித்துப் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு விட்டார்கள்.

நேராக தெக்கேவுக்குத்தான் போனோம். ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படையோடு வந்து, இங்கே கோவேறு கழுதையிலிருந்து விழுந்து இறந்துபோனவர் உம்மு ஹராம். நபிகள் நாயகத்தின் பால்வழிச் சித்தி என்று சொல்கிறார்கள். அவர் அடக்கமான இடம் இது. நாகூருக்குப் போய்ப் பழகியவனுக்கு உள்ளே காலெடுத்து வைத்ததும் ஒரு பழக்கமான அமைதி. ஏரியில் பூநாரைகள் வந்திறங்க ஆரம்பித்திருக்கின்றன.

வாசலில் திறக்கும் நேரம், மூடும் நேரம் எழுதிய பலகை ஒன்று. கொஞ்சம் நெருடியது. தொழுகை ஐந்து வேளை. பூட்டுச் சாவி அருங்காட்சியக நேரத்துக்கு ஓடினால் விடியற்காலைத் தொழுகைக்கும் இரவுத் தொழுகைக்கும் வருகிறவர் என்ன செய்வார்? 1974 போரில் இரண்டாகப் பிரிந்த இந்தத் தீவின் வடக்கே வாழும் துருக்கிய சைப்ரஸ் முஸ்லிம்கள் முக்கிய நாட்களில் பேருந்துகளில் கூட்டமாக இங்கே வர 2014-இல்தான் வழி பிறந்தது. அதுவும் ஐ.நா. ஏற்பாட்டில், காவல் வண்டி முன்னே போக.

ஊருக்குள் திரும்பும்போது ஒரு சாலையின் பெயரைக் காட்டி மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டினான். ஜெனரல் திம்மையா அவென்யூ. நம் குடகுக்காரர். இந்திய ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்ற பின் 1964-இல் இங்கே ஐ.நா. அமைதிப்படைக்குத் தளபதியாக வந்தவர். 1965 டிசம்பரில் இந்தத் தீவிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். மறு வருடம் சைப்ரஸ் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. இந்தப் படைக்கு முதல் தளபதியும் ஓர் இந்தியரே, ஜெனரல் கியானி. 1974 போரின்போது இருந்தவரும் இந்தியர், ஜெனரல் பிரேம் சந்த். நம் ஊரில் இதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? நானே சாலைப் பலகையைப் பார்த்துத்தான் தேடிப் படித்தேன்.

நாள் 2, ஞாயிறு. நிகோசியா

உலகத்தில் இரண்டாகப் பிளந்து கிடக்கும் கடைசித் தலைநகரம் என்று இதைச் சொல்வார்கள். லெத்ரா வீதி நம் ஊர்க் கடைவீதி மாதிரி: ஐஸ்கிரீம், செருப்புக் கடை, துணிக்கடை. நடந்துகொண்டே போனால் திடீரென்று ஒரு கூண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டு. ஒரு ஐம்பது அறுபது எட்டு, இரு பக்கமும் அடைத்த கடைகள், சுவரில் துளைகள், செடி முளைத்த பால்கனி. மறுபடியும் ஒரு கூண்டு. மறுபடியும் பாஸ்போர்ட். அதற்கப்புறம் திரும்பவும் ஐஸ்கிரீம், செருப்பு, துணி. பணம் மட்டும் யூரோவிலிருந்து லிராவுக்கு மாறிவிட்டது. முத்திரை எதுவும் குத்தவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. பேராயர் மக்காரியோஸ் குடியரசுத் தலைவர், துருக்கிய சைப்ரஸ் சமூகத்தின் ஃபாசில் குச்சுக் துணைத் தலைவர். மூன்றே வருடம். 1963 டிசம்பரில் அடிதடி, கொலை, வீடு எரிப்பு. ஒரு பிரிட்டிஷ் ஜெனரல் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் நகரத்துக்குக் குறுக்கே கோடு போட்டார். அந்தப் பென்சிலின் நிறம்தான் இன்றுவரை பெயர்: பச்சைக் கோடு. 1964 மார்ச்சில் பாதுகாப்பு சபையின் 186-ஆம் தீர்மானம், அமைதிப்படை. மூன்று மாதத்துக்கென்று வந்த படை. 1974 ஜூலையில் கிரேக்க ராணுவ ஆட்சி தூண்டிவிட்ட ஆட்சிக் கவிழ்ப்பு, ஐந்தே நாளில் துருக்கிப் படை வந்து இறங்கியது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதன் கையில். வடக்கே இருந்த கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள், தெற்கே இருந்த துருக்கியர்கள் வடக்கே போனார்கள். 1983-இல் வடக்கு தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. துருக்கியைத் தவிர யாரும் ஏற்கவில்லை.

இந்த வருடத்தோடு போருக்கு 50 வயது, அமைதிப்படைக்கு 60.

இது மதச் சண்டை இல்லை என்று இரு பக்கமும் அடித்துச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாம். ஆனால் சண்டை மூண்டதும் முதல் கல் விழுந்தது மாதா கோயில் மீதும் பள்ளிவாசல் மீதும்தான். யார் ஓடிப்போனார்களோ அவர்களுடைய தெய்வம் தனியாக மாட்டிக்கொண்டது. வடக்கே தேவாலயங்கள் கிடங்காகவும் தொழுவமாகவும் ஆயின. தெற்கே மினார் சாய்ந்த பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன.

மாலையில் பாஃபோஸ் வாசல் பக்கம் ஹோலி கிராஸ் கத்தோலிக்கத் தேவாலயம். கட்டடம் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பின்புறம் ஐ.நா. பகுதிக்குள். பூசைக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ், இலங்கைப் பெண்கள். வீட்டு வேலைக்கு வந்தவர்கள், ஞாயிறு ஒருநாள்தான் விடுப்பு. ஒருவர் என்னைப் பார்த்து, "இந்தியாவோ அண்ணே?" என்று தமிழில் கேட்டார். நீர்கொழும்புக்காரர், சிங்களம்தான் தாய்மொழி, தமிழும் வரும். ஐந்து வருடமாக இங்கே இருக்கிறாராம். அந்தப் பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை. "விசாவில ஏதும் பிரச்சினை வந்திட்டா?" என்றார். நீர்கொழும்பு என்றதும் எனக்கு 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு நினைவுக்கு வந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பூசை மணி அடித்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

நாள் 3, திங்கள். நிகோசியா, கோட்டுக்கு நடுவே

குடிநீர் வடிகால் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். இந்த ஊருக்கு வந்ததற்கு உண்மையான காரணத்தை இன்றைக்குச் சொல்லிவிடலாம். நிகோசியாவின் பாதாளச் சாக்கடை.

சிரிக்காதீர்கள். மாப்பிள்ளை சிரித்தாயிற்று. "ஐரோப்பா வந்து சாக்கடை பாக்கற ஒரே ஆள் நீங்கதானுங்க மாமா."

1974-க்கு முன்பே நகரம் முழுவதற்கும் ஒரே பாதாளச் சாக்கடை என்று திட்டமிட்டு வேலையும் ஆரம்பித்திருந்தார்கள். போர் வந்தது. குழாய்களில் பெரும்பங்கு தெற்கே, சுத்திகரிப்பு நிலையம் வடக்கே. கிரேக்கப் பெயர் மியா மிலியா, துருக்கிப் பெயர் ஹஸ்போலாட். தீவின் சரிவு அப்படி. பெதியேயோஸ் ஆறு வடகிழக்காகத்தான் ஓடுகிறது, அதனால் சாக்கடையும் அப்படித்தான் ஓடியாக வேண்டும். எதிர்த் திசையில் பம்ப் வைத்து ஏற்றலாம். எவ்வளவு கரண்ட், எவ்வளவு செலவு என்று ஒரு எஞ்சினியரைக் கேட்டால் சொல்வார்.

தெற்கின் மேயர் லெல்லோஸ் தெமெத்ரியாதெஸ், வடக்கின் மேயர் முஸ்தஃபா அக்கிஞ்சி. இருவரும் 1978 வாக்கில் ஐ.நா. தயவில் உட்கார்ந்து பேசினார்கள். பெரிய சிக்கல் குழாய் இல்லை, காகிதம். "வடக்கு நிகோசியா மேயர்" என்று தெற்கு ஒரு தாளில் எழுதிவிட்டால் அதுவே ஓர் அங்கீகாரம் ஆகிவிடும். அதனால் மேயர் என்ற பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தத்தம் சமூகத்தின் பிரதிநிதி என்ற பெயரில் பேசினார்கள். காகிதத்தில் யார் யாரை ஏற்கவில்லை என்பதைத் தொடாமலேயே சாக்கடை ஓடத் தொடங்கியது. அதே கையோடு நகரத்துக்குப் பொதுவாக ஒரு மாஸ்டர் பிளானும் போட்டார்கள். என்றைக்காவது நகரம் ஒன்றாகிவிட்டால் சாலைகள் எங்கே சேர வேண்டும் என்பதுவரை அதில் உண்டு.

எனக்கு இது ஏன் பெரிதாகப் படுகிறது என்றால், நம் பக்கத்தில் இரண்டு பேரூராட்சிகள் (பெயர் வேண்டாம்) ஒரே நதியில் ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் ஆறு வருடம் கோப்பு அலைந்ததைப் பார்த்தவன் நான். அங்கே போரும் நடக்கவில்லை, யாரும் அகதியாகவும் இல்லை. இடம் யாருடையது, நாற்றம் யாருக்கு, அவ்வளவுதான்.

இங்கே இப்போது ஓடுவது புதிய நிலையம், பத்து வருடம் முன்பு ஐரோப்பிய ஒன்றியமும் தெற்கின் கழிவுநீர் வாரியமும் பணம் போட்டுக் கட்டியது. ஒரு நாளைக்கு 30,000 கன மீட்டர், நம் கணக்கில் மூன்று கோடி லிட்டர். சவ்வு வடிகட்டி முறை. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி வாங்க முடியவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். மணக்கவில்லை. நல்ல நிலையம் என்பதற்கு எங்கள் தொழிலில் அதுவே முதல் சான்றிதழ்.

மதியம் லெத்ரா பேலஸ் பகுதி. ஒரு காலத்தில் தீவின் பெரிய ஹோட்டல், பிறகு ஐ.நா. வீரர்கள் தங்குமிடம். 2003 ஏப்ரலில் வடக்குத் தரப்பு திடீரென்று வாசலைத் திறந்தபோது, இருபத்தொன்பது வருடம் கழித்துத் தங்கள் வீட்டைப் பார்க்க மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற இடம் இதுதான். எதிரே ஹோம் ஃபார் கோஆபரேஷன் என்றொரு பழைய கட்டடம். இரு சமூக வரலாற்று ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு ஒன்று இதைச் செப்பனிட்டு 2011-இல் திறந்தது. கீழே காபிக்கடை. "துருக்கிக் காபியா, கிரேக்கக் காபியா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். பரிமாறிய பையன், "சைப்ரஸ் காபி" என்றான். ஒரே மண்டிதான் மூன்றிலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அக்கிஞ்சி பிற்பாடு 2015-இல் வடக்கின் தலைவராகவே தேர்வானார். 2017-இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மொன்தானாவில் தெற்கின் தலைவரோடு கடைசிவரை பேசிப் பார்த்தார். உடைந்துபோயிற்று. சாக்கடையை முடித்தவரால் நாட்டை முடிக்க முடியவில்லை. 2004-இல் தீவை ஒன்றாக்க ஐ.நா. கொண்டுவந்த அன்னான் திட்டத்துக்கு வாக்கெடுப்பு வைத்தபோது வடக்கில் 65 விழுக்காடு வேண்டும் என்றது, தெற்கில் 76 விழுக்காடு வேண்டாம் என்றது. பெரிய பேச்செல்லாம் இப்படித்தான் விழுந்துகொண்டே இருக்கிறது. சின்ன வேலை மட்டும் நிற்கவில்லை.

நாள் 4, செவ்வாய். லிமசோல்

முழங்கால் வீங்கிவிட்டது. வீட்டிலேயே இருந்தேன். எழுத ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன்.

மாப்பிள்ளையின் வீட்டு உரிமையாளர் அம்மா, எழுபதைத் தாண்டியவர், என் காலுக்கு ஏதோ எண்ணெய் கொண்டுவந்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வருகிறது. பேச்சு எப்படியோ 1974-க்குப் போனது. தாய்மாமன் ஒருவர் ஃபமகுஸ்தா பக்கத்துக் கிராமத்தில் காணாமல் போனாராம். பாட்டி சாகும்வரை அவருக்கு ஒரு தட்டு தனியாக எடுத்து வைத்தாராம். பல வருடம் கழித்துத் தொலைபேசி வந்தது, எலும்பு கிடைத்திருக்கிறது என்று.

காணாமல் போனோருக்கான குழு ஒன்று 1981-இல் அமைந்தது. ஒரு கிரேக்க சைப்ரஸ் உறுப்பினர், ஒரு துருக்கிய சைப்ரஸ் உறுப்பினர், மூன்றாமவர் செஞ்சிலுவைச் சங்கம் தேர்ந்து ஐ.நா. பொதுச்செயலாளர் நியமிப்பவர். தோண்டும் வேலை 2006-இல்தான் முழு மூச்சாகத் தொடங்கியது. பட்டியலில் 2,002 பேர்: 1,510 கிரேக்கர், 492 துருக்கியர். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் எலும்புகளை அடையாளம் கண்டு வீட்டாரிடம் கொடுத்துவிட்டார்கள். குழி தோண்டுவோரும் ஆய்வகத்தில் எலும்பு அடுக்குவோரும் இரு சமூகத்து இளைஞர்கள். ஒரே மேசையில் வேலை.

இந்தக் குழுவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. யார் கொன்றார், எப்படிச் செத்தார் என்று சொல்லக் கூடாது. அப்படி இருந்தால்தான், 'அந்தக் கிணற்றருகே பாருங்கள்' என்று வயதானவர்கள் வந்து காட்டுவார்கள். நியாயம் கேட்பவருக்கு இது பெரிய குறை. அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி மண்ணில் வைத்தோம். அதற்குத்தான் எலும்பு வேண்டியிருந்தது" என்றார்.

மதச் சுதந்திரம் என்றால் கோயிலுக்குப் போவது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

நாள் 5, புதன். பிலா

இரு தரப்புக்கும் நடுவே ஐ.நா. காவல் காக்கும் இடைப்பகுதி தீவுக்குக் குறுக்கே 180 கிலோமீட்டர். நிகோசியா பழைய நகரில் சில இடங்களில் நாலு மீட்டர்கூட அகலம் இல்லை, வேறு இடங்களில் ஏழு கிலோமீட்டர். அதற்குள்ளே வயல் உண்டு, ஊர் உண்டு. அந்த ஊர்களில் கிரேக்கரும் துருக்கியரும் இன்னும் ஒன்றாக வாழும் ஒரே ஊர் பிலா.

சதுக்கத்தில் ஒரு கிரேக்கக் காபிக்கடை, ஒரு துருக்கியக் காபிக்கடை, இரண்டையும் பார்த்தபடி ஐ.நா. சாவடி. தேவாலயமும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரம். கிழவர்கள் சீட்டாடுகிறார்கள், தனித்தனி மேசைகளில். பார்க்க ஒன்றுமே இல்லை. இங்கே பார்க்க ஒன்றும் இல்லாமல் இருப்பதற்குத்தான் அறுபது வருடமாகச் செலவு செய்கிறார்கள்.

போன வருடம் மட்டும் பார்க்க இருந்தது. 2023 ஆகஸ்டில் வடக்குத் தரப்பு இடைப்பகுதி வழியாக ஒரு சாலை போட ஆரம்பித்தது. மறித்து நின்ற ஐ.நா. வீரர்களை அடித்தார்கள், ஐ.நா. வண்டிகளை புல்டோசரால் தள்ளினார்கள். பாதுகாப்பு சபை கண்டித்தது. சில வாரம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வெறும் தார்ச் சாலை! 1963-இலும் இப்படி ஏதோ ஒரு சின்ன உரசலில்தான் பற்றியிருக்கும். நடுவில் நின்று அடி வாங்க ஆள் இருந்ததால் இந்த முறை அது சாலைத் தகராறாகவே முடிந்தது.

இருப்பது எண்ணூறு சொச்சம் வீரர்கள்தான், தீவு முழுவதற்கும்.

வரும் வழியில் மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டான். "இவங்க காவல் காக்கறதாலதானுங்க மாமா ரெண்டு பக்கமும் அவசரமே படாம உக்காந்திருக்காங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. வலி தெரியாமல் கட்டுப் போட்டுவிட்டால் சில பேர் ஆபரேஷனுக்கே வர மாட்டார்கள். ஆனால் கட்டை அவிழ்த்துப் பார்க்கலாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நாள் 6, 7. கொர்மகிட்டி

நேற்று எழுதவில்லை. நாள் முழுக்கத் தின்றுகொண்டிருந்தோம். ஹலூமி பாலாடைக்கட்டியைச் சுட்டுத் தருகிறார்கள், நம் பனீர் மாதிரி இருந்தாலும் பல்லில் கிறீச்சிடும். இதற்கும் ஒரு சண்டை. தெற்கில் ஹலூமி, வடக்கில் ஹெல்லிம். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் பதிவு செய்தது.

இன்று வடக்கே மாரோனைட் கிறிஸ்தவர்களின் கொர்மகிட்டி. லெபனான் பக்கமிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்கள். இவர்களுக்கென்று ஓர் அரபி உண்டு, ஊரில் சன்னா என்கிறார்கள். இப்போது பேசுபவர்கள் பெரும்பாலும் கிழவர்கள்தான். புனித ஜார்ஜ் தேவாலயத்துக்கு எதிரே ஓர் உணவகம், நாலு மேசை.

1960 அரசியல் சட்டம் இவர்களை, ஆர்மீனியர்களை, லத்தீன் கத்தோலிக்கர்களை ஒரு கேள்வி கேட்டது: மூன்று மாதத்துக்குள் சொல்லுங்கள், நீங்கள் கிரேக்கச் சமூகமா, துருக்கியச் சமூகமா? மூன்று கூட்டமும் கிரேக்கம் என்று சொன்னது. மூன்றாவது கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. பிரச்சினைக்கு விதை எங்கே என்று தேடுகிறவர்கள் பிரிட்டன், கிரீஸ், துருக்கி என்று தொலைவில் தேடுகிறார்கள். எனக்கு அந்தப் படிவம்தான் கண்ணில் நிற்கிறது. மதத்தை வைத்து ஆளைப் பிரித்துவிட்டு, பிறகு இது மதச் சண்டை இல்லை என்றால்?

1974-க்குப் பின் இளையவர்கள் தெற்கே போக, சில நூறு முதியவர்கள் இங்கேயே இருந்துவிட்டார்கள். பக்கத்து மாரோனைட் ஊர்களில் ஒன்றான அயியா மரீனா ராணுவ முகாமாகிவிட்டது. தங்கள் கோயிலில் பூசை வைக்கப் படைத் தளபதி கையெழுத்து வேண்டும்.

வடக்கில் இருக்கும் பெரும்பாலான தேவாலயங்களுக்கு இதுதான் நிலைமை. முன்கூட்டி விண்ணப்பம், தேதி, பாதிரியார் பெயர். கிடைக்கும் அல்லது கிடைக்காது. 2001-இல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் துருக்கிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, தீவின் வடகிழக்கு வாலான கர்பாஸ் பகுதியில் தங்கிவிட்ட கிரேக்கர்களின் வழிபாட்டு உரிமை மீறப்பட்டது என்று. தீர்ப்பு அப்படியே இருக்கிறது, விண்ணப்பப் படிவமும் இருக்கிறது.

கொஞ்சமாவது அசைந்தது வேறு வழியில். பேராயரும் முஸ்லிம்களின் மதத் தலைவரான முஃப்தியும் ஆர்மீனிய, மாரோனைட், லத்தீன் தலைவர்களும் ஸ்வீடன் தூதரகத்தின் ஏற்பாட்டில் சந்திக்க ஆரம்பித்தார்கள். ஐ.நா.வின் மதச் சுதந்திர அறிக்கையாளர் ஹைனர் பீலஃபெல்ட் 2012-இல் வந்து இதைப் பாராட்டினார். ஸ்வீடனுக்கு இங்கே என்ன வேலை என்று முதலில் நினைத்தேன். தீவோடு பழைய கணக்கு எதுவும் இல்லாத நாடு. அதுதான் தகுதிபோல. 2013-இல் முஃப்தி தெற்கே வந்து ஹாலா சுல்தானில் தொழுதார், வடக்கே போக முடியாமல் தடுக்கப்பட்டிருந்த கர்பாஸ் ஆயர் அங்கே போனார். 2014 மே மாதம் வடக்கு நிகோசியாவில் ஆர்மீனியர்களின் பழைய மாதா கோயிலில் ஐம்பது வருடம் கழித்துப் பூசை நடந்தது. பிறகு பாதிரிகளுக்குத் துருக்கி மொழி, இமாம்களுக்குக் கிரேக்கம் என்று வகுப்புகூட நடத்தினார்கள். ஒரு பாதிரியார் மீசையை நீவிக்கொண்டு பெயர்ச்சொல் வேற்றுமை ஒப்பிப்பதை நினைத்துச் சிரித்தேன்.

நாள் 8, நவம்பர் 30, சனி. அப்போஸ்தலோஸ் அந்திரேயாஸ்

தீவின் வால்நுனி. நிகோசியாவிலிருந்து மூன்று மணி நேரம். எல்லையில் வண்டிக்குத் தனி இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் பேருந்துகள். இன்று புனித அந்திரேயா திருநாள். பூசைக்கு அனுமதி உள்ள நாட்களில் ஒன்று.

வழியில் ரிசோகர்பாசோ. ஊர்ச் சதுக்கத்தில் தேவாலயமும் பள்ளிவாசலும் எதிரெதிரே. கோட்டுக்கு வடக்கே விடாப்பிடியாக இருந்துவிட்ட கிரேக்கர்கள் சில நூறு பேர் இங்கே. அப்புறம் காட்டுக் கழுதைகள். போரில் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள், சாலையை மறித்து நின்று ஜன்னலுக்குள் மூக்கை நீட்டிக் கேரட் கேட்கின்றன. மாப்பிள்ளை வாங்கி வைத்திருந்தான்.

மடத்துக்குள் கால் வைக்க இடமில்லை. மெழுகு வாசனை, கறுப்பு உடைக் கிழவிகள், சக்கர நாற்காலியில் ஒரு பையன். கை, கால், குழந்தை உருவத்தில் மெழுகு நேர்த்திக்கடன்கள் தொங்குகின்றன. வேளாங்கண்ணியில் வெள்ளியில் பார்த்ததுதான். முக்காடு போட்ட இரண்டு துருக்கியப் பெண்களும் வரிசையில் நின்று மெழுகுவத்தி ஏற்றினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் புனிதரிடம் அவர்களும் வேண்டிக்கொள்வது பழைய வழக்கமாம்.

நான் மேலே பார்த்தேன், தொழில் புத்தி. சுவரும் கூரையும் இடிகிற நிலையில் இருந்தவை. இரு தரப்புப் பண்பாட்டு மரபுக் குழு ஒன்று 2008-இல் அமைந்து, தீவு முழுக்கத் தேவாலயமும் பள்ளிவாசலும் கோட்டைச் சுவருமாகச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறது. பணம் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்துடையது, வேலை வாங்குவது ஐ.நா. வளர்ச்சித் திட்டம். இந்த மடத்துக்கு மட்டும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் வடக்கின் வக்ஃபு நிர்வாகமான எவ்காஃபும் பணம் போட்டன. மாதா கோயில் கூரைக்கு வக்ஃபு காசு! 2016 நவம்பரில் முதல் கட்டம் முடிந்து திறந்தார்கள். கல் இணைப்பில் பூச்சு சுத்தமாக, ஒழுகின தடமே இல்லாமல் இருந்தது.

கீழே பாறைக்கடியில் கடலோரமாக ஓர் ஊற்று. அப்போஸ்தலர் கப்பலில் வந்தபோது உண்டாக்கியது என்று நம்பிக்கை. பெண்கள் பிளாஸ்டிக் புட்டிகளில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி என் கையில் ஒரு புட்டியைத் திணித்தார். கிரேக்கத்தில் ஏதோ சொன்னார். முழங்காலைக் காட்டினார். நான் நொண்டுவதைப் பார்த்திருக்கிறார்.

பிற்பகலில் பேருந்துகள் ஹாரன் அடித்தன. பாட்டிகள் அவசரப்படவில்லை. டிரைவர் இறங்கி வந்து கத்தின பிறகுதான் நகர்ந்தார்கள்.

நாள் 9. லார்னகா விமான நிலையம்

பையை ஸ்கேன் செய்ததில் புட்டி மாட்டிக்கொண்டது. நூறு மில்லிக்கு மேல் கூடாது. கொட்டிவிடச் சொன்னார் சோதனைப் பெண். அந்திரேயாஸ் என்று மட்டும் சொன்னேன். அவர் புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அப்படியானால் குடித்துவிட்டுப் போங்கள்" என்றார். வரிசை காத்திருக்க, அங்கேயே ஓரமாக நின்று அரை லிட்டரையும் குடித்தேன். லேசான உப்பு. சோதித்துப் பார்த்தால் நம் வாரியத்தின் வரம்புக்குள் வராது என்று நினைக்கிறேன்.